தன் வாசிப்பைத் தானே கேட்டல்: ஒலிப்பதிவும் இசைக்கருவிப் பயிற்சியும்

இசைக்கருவி பயில்பவர் தம் வாசிப்பைப் பதிவு செய்து, பின்னர் கேட்டுத் திருத்திக்கொள்ளும் முறை ஒலிப்பதிவுக் கருவிகளோடு சேர்ந்தே வளர்ந்தது. அதற்கு முன் குறையைச் சுட்டிக்காட்ட ஆசிரியரின் காதையும் கேட்போரின் காதையும் விட்டால் வேறு வழியில்லை. வாசிக்கும்போது விரல், வில், மூச்சு, அடுத்து வரும் சுரம் எனக் கவனம் பிரிந்துவிடுகிறது. எனவே வாசிக்க நினைத்ததையே வாசித்துவிட்டதாக மனம் நம்பிவிடுகிறது. வயலினைத் தாடையில் பொருத்தி வாசிக்கும் மேற்கத்திய முறையில் எலும்பு வழியாகவும் ஒலி உட்காதை எட்டுகிறது. அவையில் அமர்ந்திருப்பவர் கேட்பது அந்த ஒலி அன்று.

மெழுகு உருளைக் காலம்

தாமஸ் ஆல்வா எடிசன் 1877-இல் போனோகிராஃபை உருவாக்கினார். அடுத்த ஆண்டு அவர் எழுதிய கட்டுரையில் அக்கருவியின் பயன்களாகக் குறித்தவற்றுள் பேச்சுப் பயிற்சியும் இசையைத் திரும்பக் கேட்டலும் இருந்தன. ஆனால் முதற்கருவியின் உலோகத்தாள் சில முறை ஓட்டியதுமே கெட்டுவிடும். 1880-களின் இறுதியில் மெழுகு உருளை வந்த பிறகே நிலைமை மாறியது. ஒரே கருவியில் பதிவு செய்யவும் உடனே கேட்கவும் முடிந்தது. வேண்டாத பதிவைச் சீவி எடுத்துவிட்டு அதே உருளையில் மீண்டும் பதியலாம்.

எடிசனின் கருவியை ரஷ்யாவுக்குக் கொண்டுசென்ற வணிகர் ஜூலியஸ் பிளாக் தம் இல்லத்தில் பல இசைக்கலைஞர்களை வாசிக்கச் செய்து பதிவு செய்தார். 1912-இல் பெர்லினில் அவர் பதிந்தவர்களுள் பதினொரு வயதுச் சிறுவன் யாஷா ஹைஃபெட்ஸும் ஒருவன்.

வணிகச் சந்தையை வென்ற இசைத்தட்டு இந்த வகையில் ஒரு பின்னடைவு என்றே சொல்ல வேண்டும். மூல மெழுகுத் தட்டை ஒலிக்கவிட்டால் அதன் பள்ளங்கள் சேதமாகும். ஆகவே கலைஞர் தம் வாசிப்பைக் கேட்க, அச்சிட்ட மாதிரித் தட்டு வரும்வரை காத்திருந்தார். வீட்டில் வாங்கி வைத்த கிராமபோனோ பிறர் வாசிப்பை மட்டுமே ஒலித்தது.

ஆயினும் தட்டுகளின் தாக்கம் பெரிது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பதிவுகளில் வயலின் கலைஞர்கள் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்வது மிகுதி. தாள ஓட்டமும் தளர்ந்திருக்கும். பிற்காலப் பதிவுகளில் இவை குறைந்தன. கலைஞர்கள் தம் பதிவையே கேட்க நேர்ந்தது இதற்கு ஒரு காரணம் என ராபர்ட் பிலிப் முதலிய ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ரசனை மாற்றமும் புதிய ஆசிரியர்களும் காரணமாக இருந்திருக்கலாம். பழியையும் புகழையும் கருவி மீது மட்டும் ஏற்றுவது பொருந்தாது. பிழை குறைந்தபோது ஓர் அழகும் உடன் போயிற்று என்ற வருத்தம், அப்பழைய தட்டுகளைக் கேட்பவர்க்கு இன்றும் எழும்.

காந்த நாடா

ஜெர்மனியின் ஏஇஜி நிறுவனம் 1935-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் மேக்னெட்டோபோன் என்ற நாடாப் பதிவியைக் காட்டியது. போருக்குப் பின் இத்தொழில்நுட்பம் அமெரிக்கா சென்று உலகெங்கும் பரவியது. அழித்து மீண்டும் பதியலாம் என்பதோடு இன்னொரு வசதியும் வந்தது: பல கருவிகளில் நாடாவைப் பாதி வேகத்தில் ஓட்டலாம். அப்போது இசை ஒரு ஸ்தாயி கீழே இறங்கி, இரு மடங்கு நேரம் ஒலிக்கும். விரைவில் மறைந்த தடுமாற்றம் அதில் தெளிவாகத் தெரியும்.

பதிவைச் சில நாள் கழித்துக் கேட்பதன் பயனுக்குக் கனடிய பியானோ கலைஞர் கிளென் கூல்டின் அனுபவம் நல்ல சான்று. பாக் இயற்றிய ஏ மைனர் ஃபியூக் ஒன்றைப் பதிந்தபோது, ஆறாம் முறையும் எட்டாம் முறையும் வாசித்தவை நிறைவாக இருந்ததாக அவருக்குத் தோன்றியது. சில வாரங்கள் கழித்துக் கேட்டபோது ஒன்று மிகக் கனமாகவும் மற்றொன்று மிகக் குதூகலமாகவும், இரண்டுமே ஒரே சீராகச் சலிப்பூட்டின. இரண்டின் பகுதிகளையும் ஒட்டி இறுதிப் பதிவை உருவாக்கினார். 1966-இல் வெளிவந்த கட்டுரையில் இதை அவரே விவரித்துள்ளார். கலையரங்கில் புலப்படாத குறை, வாசித்த சூடு ஆறிய பிறகே புலப்பட்டது.

கேசட்டும் கைப்பேசியும்

பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகம் செய்த கேசட், பதிவைச் சாதாரண வீடுகளுக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த 'டூ இன் ஒன்' பெட்டிகள் பல வீடுகளில் பாட்டு வகுப்புக்கும் துணையாயின. கர்நாடக இசை மாணவர்கள் குருவின் பாடத்தைப் பதிந்துகொண்டு வந்து வீட்டில் சாதகம் செய்தனர். அதே நாடாவின் மறுபக்கத்தில் தம் வாசிப்பைப் பதிந்து ஒப்பிட்டால் கமகம் எங்கே தட்டையாகிறது, காலப்பிரமாணம் எங்கே ஓடுகிறது என்பது விளங்கும்.

ஆனால் இப்பெட்டிகள் பலவற்றில் ஒலியளவைத் தானே சீராக்கும் அமைப்பு இருந்தது. மெல்ல வாசித்தது உயர்ந்தும் ஓங்கி வாசித்தது தாழ்ந்தும் பதிவானதால், வல்லோசை மெல்லோசையைப் பற்றி அவை உண்மை சொல்லவில்லை. இன்றைய கைப்பேசிகளிலும் இச்சிக்கல் தொடர்கிறது. பேச்சுக்கென அமைந்த சில செயலிகள் இரைச்சலை நீக்கும்போது, மாறாமல் ஒலிக்கும் தம்பூராவையும் இரைச்சலாகக் கொண்டு மங்கச் செய்துவிடுகின்றன.