நாலு பைட் இடத்தில் எட்டு பைட்: பிஎச்பி எக்ஸ்டென்ஷன்களின் கதை

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு பழைய சர்வர். என் முதல் வேலையில எல்லா சர்வரும் பிஎச்பி 7-க்கு மாறிடுச்சு, ஒண்ணு மட்டும் 5.6-லயே நின்னுச்சு. அந்த வெர்ஷனுக்கு செக்யூரிட்டி அப்டேட் 2018 டிசம்பரோட முடிஞ்சு போச்சு. ஏன் மாத்தலன்னு கேட்டா, "அதுல ஒரு எக்ஸ்டென்ஷன் ஓடுது, எழுதினவர் வேலையை விட்டுப் போயிட்டாரு"ன்னு பதில் வரும். எக்ஸ்டென்ஷன்னா, சி மொழியில எழுதி, கம்பைல் பண்ணி, பிஎச்பி-க்குள்ள லோட் பண்ற ஒரு ஃபைல். அதைத் தொட எல்லாருக்கும் பயம். கடைசியில என் தலையில வந்து விழுந்தது.

பிஎச்பி பிறந்ததே சி-யில்தான். 1994-ல் ராஸ்மஸ் லெர்டோர்ஃப் தன் ஆன்லைன் ரெஸ்யூமேயை யார் வந்து பார்க்குறாங்கன்னு கவனிக்க எழுதின சின்னச் சின்ன சி புரோகிராம்கள்தான் அது. அடுத்த வருஷம் ஜூன்ல கோடை வெளியில விட்டார். அப்புறம் இஸ்ரேலில், டெக்னியானில் படிச்சுட்டிருந்த ஆண்டி குட்மன்ஸும் ஜீவ் சுராஸ்கியும் அதைத் திரும்ப எழுதினாங்க. 1998-ல் பிஎச்பி 3 வந்தது. ஜீவ், ஆண்டி ரெண்டு பேரையும் சேர்த்ததுதான் பின்னாடி வந்த 'ஜெண்ட்' என்ஜினோட பேர்.

பிஎச்பி 3-ல் யார் வேணும்னாலும் தங்களுக்கு வேண்டிய மாட்யூலை எழுதிச் சேர்க்கலாம். ஒருத்தர் டேட்டாபேஸுக்கு எழுதுவார், இன்னொருத்தர் படம் வரையறதுக்கு. என் கணிப்புல பிஎச்பி ஜெயிச்சதுக்கு இந்தக் கதவுதான் பெரிய காரணம். மொழியோட அழகைப் பார்த்து யாரும் வரல, நானும்தான்!

ஆனா எக்ஸ்டென்ஷன் வாசல்ல நின்னு பேசுற விருந்தாளி கிடையாது. நேரா சமையலறைக்குள்ள போய் பாத்திரத்தைத் தொடும். பிஎச்பி-யில நாம எழுதுற ஒவ்வொரு வேரியபிளும் உள்ளே 'இஸட்வால்'னு ஒரு சி ஸ்ட்ரக்சர். அதுல இருக்குற மதிப்பை எத்தனை பேர் பிடிச்சிருக்காங்கன்னு ஒரு கணக்கு ஓடும். எக்ஸ்டென்ஷன் எழுதுறவர் அந்தக் கணக்கைக் கையால பார்க்கணும். குறைக்க மறந்தா மெமரி வீணாகிட்டே போகும். ஒண்ணு அதிகமா குறைச்சா, இன்னொருத்தர் பயன்படுத்துற மெமரி காலியாகி புரோசஸே செத்துடும். 'செக்மென்டேஷன் ஃபால்ட்', அவ்வளவுதான். எந்த வரின்னு கூட சொல்லாது.

2015 டிசம்பர்ல பிஎச்பி 7 வந்தது. டிமிட்ரி ஸ்டோகோவ், ஷின்சென் ஹுய், நிகிதா போபோவ் ஆகியோரோட வேலையால, 64-பிட் மெஷின்ல 24 பைட்டா இருந்த இஸட்வால் 16 பைட்டா சுருங்குச்சு. நிறைய அப்ளிகேஷன்கள் ஏறக்குறைய ரெண்டு மடங்கு வேகமாச்சு. பிஎச்பி கோட் எழுதுறவங்களுக்கு அது பெரும்பாலும் இலவசப் பரிசு. பில் கட்டினது எக்ஸ்டென்ஷன் எழுதினவங்க.

பழைய மேக்ரோ காணாமப் போனா பரவாயில்ல, கம்பைலர் கத்தும். கத்தாத தப்புதான் ஆபத்து. பிஎச்பி-யிலிருந்து ஒரு ஸ்ட்ரிங்கை வாங்கும்போது அதோட நீளத்தை எழுத ஒரு வேரியபிள் கொடுக்கணும். 5-ல் அது இன்ட், 4 பைட். 7-ல் சைஸ்_டி, 64-பிட் மெஷின்ல 8 பைட். வாங்கித் தர்ற ஃபங்ஷன் எத்தனை ஆர்க்யுமென்ட் வேணாலும் எடுக்கும், அதனால கம்பைலரால டைப்பைச் சரிபார்க்க முடியாது. பழைய கோட் சத்தமில்லாம கம்பைல் ஆகும். ஓடும்போது 4 பைட் இடத்தில் 8 பைட் எழுதி, பக்கத்து வீட்டுச் சுவரை இடிச்சுடும். சில சமயம் ஒண்ணும் ஆகாது. அதுதான் இன்னும் மோசம்.

எங்க எக்ஸ்டென்ஷனிலும் இதேதான். என் லேப்டாப்ல ஓடும், சர்வர்ல சாகும். மூணு நாள் ஜிடிபி-யோட உட்கார்ந்து கண்டுபிடிச்சு, எல்லா இடத்துலயும் இன்ட்டை சைஸ்_டி-யா மாத்தினேன்.

அது செஞ்ச வேலை என்ன தெரியுமா? ஒரு பெரிய டெக்ஸ்ட் ஃபைலை வரி வரியா பிரிக்கிறது. சும்மா ஒப்பிட்டுப் பார்க்க அதையே பிஎச்பி 7-ல் எழுதினேன். சி அளவுக்கு வேகம் இல்ல, ஆனா எங்க தேவைக்குப் போதுமா இருந்தது. ரெண்டு வாரம் கழிச்சு அந்த எக்ஸ்டென்ஷனையே தூக்கிட்டோம்.