டேஸ் ஆஃப் பிளட் அண்ட் ஸ்டார்லைட்: வாசகர் வரவேற்பு

டேஸ் ஆஃப் பிளட் அண்ட் ஸ்டார்லைட் என்பது, அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில் வாழும் நாவலாசிரியை லேனி டெய்லர் இளையோருக்கென எழுதிய மூன்று பாக அமானுஷ்ய நவீனத்தின் நடுப்பாகமாகும். முதற்பாகமான டாட்டர் ஆஃப் ஸ்மோக் அண்ட் போன் 2011 செப்டம்பரிலும், இந்நூல் 2012 நவம்பரிலும், இறுதிப் பாகமான ட்ரீம்ஸ் ஆஃப் காட்ஸ் அண்ட் மான்ஸ்டர்ஸ் 2014 ஏப்ரலிலும் வெளிவந்தன. அமெரிக்காவில் லிட்டில் பிரௌன் நிறுவனமும் இங்கிலாந்தில் ஹாடர் அண்ட் ஸ்டௌட்டன் நிறுவனமும் இதைப் பிரசுரித்தன. மூன்று பாகங்களிலும் வாசகரை இருகூறாகப் பிரித்துப் பெருவாதத்தில் இறக்கிவிட்டது இந்த நடுப்பாகமே. அவ்வாதத்தின் தன்மையையும் காரணங்களையும் கூறுவது இக்கட்டுரையின் விஷயம்.

முத்தொகுதி ஒன்றின் நடுநூல் இயல்பாகவே இக்கட்டான ஸ்தானத்தில் இருப்பது. முதல் நூலுக்குரிய புதுமையும் அதற்கில்லை, கடைசி நூலுக்குரிய தீர்வும் அதற்கில்லை. அமானுஷ்யக் காதற்கதைகளிலோ மற்றோர் இடுக்கணும் சேர்ந்துகொள்கிறது: முதற்பாகத்தில் கூடிய காதலரை இரண்டாம் பாகத்தில் எப்படியாவது பிரித்தாக வேண்டும் என்பது எழுதாத விதியாகவே ஆகிவிட்டது. நான்கு நூல்கள் கொண்ட தொடரேயாயினும், ஸ்டெஃபனி மேயரின் நியூ மூன் 2006-ல் வெளிவந்தபோது, நாயகன் விட்டுச் சென்ற பின் கழிந்த மாதங்களை அவற்றின் பெயர்களை மாத்திரம் தாங்கிய வெற்றுப் பக்கங்களால் ஆசிரியை உணர்த்தியதும், அப்பக்கங்களைக் கண்டு உருகியவரும் உண்டு, பொறுமையிழந்தவரும் உண்டு என்பதும் இவ்வகை நூல்களைப் படிப்போர் அறிந்ததே. மேகி ஸ்டீஃப்வேட்டரின் ஓநாய்க்கதை வரிசையில் நடுநூலான லிங்கர், 2010-ல் பச்சை மையில் அச்சாகி வந்தபோதும், முதல் நூலின் தனிமையான இனிமையை அதில் தேடிக் காணாமல் வருந்தியவர்கள் இருந்தார்கள். ஆகவே டெய்லரின் இரண்டாம் பாகத்தைக் கையிலெடுத்த வாசகர், பிரிவுத் துயர் ஒன்றுக்கு முன்னமே மனத்தைத் தயார் செய்துகொண்டுதான் எடுத்தார்கள். அவர்கள் எதிர்பாராதது, அப்பிரிவுக்கு ஆசிரியை தந்த காரணத்தின் கனம்.

அக்காரணத்தை விளங்கிக்கொள்ள முதற்பாகத்தின் கதையைச் சிறிது கூறவேண்டும். பிராக் நகரில் சித்திரக்கலை பயிலும், நீலநிறக் கூந்தலுடைய காரூ என்னும் பதினேழு வயதுப் பெண்ணை, விலங்குருவும் மனிதவுருவும் கலந்த கைமிரா இனத்தாராகிய பிரிம்ஸ்டோனும் இஸ்ஸாவும் மறைவான ஒரு கடையில் வளர்த்து வருகிறார்கள். உலகெங்கும் சென்று பிரிம்ஸ்டோனுக்காகப் பற்களை வாங்கி வருவது அவள் வேலை. கைமிராக்களோடு தலைமுறை தலைமுறையாகப் போரிட்டு வரும், சிறகுடைய தேவதூதர் இனத்து வீரனான அகிவாவை அவள் சந்திக்கிறாள், காதல் மலர்கிறது. முடிவில், தான் முற்பிறவியில் மேட்ரிகல் என்னும் கைமிராப் பெண்ணாக இருந்ததையும், அகிவாவைக் காதலித்த குற்றத்திற்காகவே சிரச்சேதம் செய்யப்பட்டதையும் அவள் நினைவுகூர்கிறாள். அதே கணத்தில், அவளை இழந்த துக்க வெறியில் அவளுடைய இனத்தையே அழிக்கத் துணைநின்றவன் தான்தான் என்று அகிவா ஒப்புக்கொள்கிறான். பிரிம்ஸ்டோன் இறந்துவிட்டார், தலைநகரான லோரமெண்டி சாம்பலாகிவிட்டது. பிராக் நகரத்துப் பனியும் தேநீர்க்கடையும் முத்தமும் நிறைந்த அந்நூலை ரசித்துப் படித்தவர்கள், கடைசிச் சில பக்கங்களில் இத்தனை பெரிய பிரேதக்குழியின் விளிம்பில் கொண்டுவந்து நிறுத்தப்பட்டார்கள்.

இரண்டாம் பாகம் அக்குழிக்குள்ளேயே இறங்கித் தொடங்குகிறது. மொராக்கோ நாட்டுப் பாலைவன விளிம்பில் சிதைந்து கிடக்கும் ஒரு மண்கோட்டையில், எஞ்சிய கைமிரா வீரர்களுக்கு உடல்களைச் செய்து தருபவளாகக் காரூ வாழ்கிறாள். இறந்தவரின் ஆன்மா ஒரு தூபக்கலசத்தில் காக்கப்பட்டிருக்குமாயின், பற்களைக் கோத்து மாலையாக்கி அதனின்று புது உடலை எழுப்பி, அவ்வுடலில் ஆன்மாவை ஏற்றலாம். ஆனால் அந்த மந்திரவித்தைக்குக் காணிக்கையாகச் செய்பவள் தன் உடலின் வேதனையைச் செலுத்தவேண்டும். பித்தளைத் திருகுபிடிகளைத் தன் கைச்சதையில் வைத்து முறுக்கி, கன்றிச் சிவந்த தழும்புகளின் மேலேயே மறுபடியும் முறுக்கி, ஒவ்வொரு வீரனையும் அவள் எழுப்புகிறாள். முற்பிறவியில் அவளைக் கொலைமேடைக்கு அனுப்பிய வெள்ளோநாய்த் தளபதி தியாகோதான் இப்போது அவளுக்கு அதிபதி. இன்னும் பெரிய, இன்னும் கோரமான, சிறகு முளைத்த உடல்களை அவன் கேட்கிறான். அவ்வுடல்களைக் கொண்டு எதிரிநாட்டுக் குடிமக்களைக் கொன்று பழிதீர்க்கிறான். மறுபுறம், தன் கையால் விளைந்த அழிவுக்குப் பிராயச்சித்தமாக, தப்பியோடும் கைமிராக் குடும்பங்களை இரகசியமாகக் காப்பாற்றிக்கொண்டு தன் படைக்குள்ளேயே துரோகியாய் நடமாடுகிறான் அகிவா.

ஐந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட இந்நூலில் காதலர் இருவரும் நேருக்கு நேர் நிற்கும் பக்கங்கள் மிகச் சொற்பம். வாசகரின் முதன்மையான மனக்குறையும் இதுவே. முதற்பாகத்தை ஒரே இரவில் படித்து முடித்து, ஓராண்டுக்கு மேல் காத்திருந்து, கிடைத்தவுடன் காதற்காட்சியைத் தேடிப் பக்கங்களைப் புரட்டியவர்களுக்கு, கரியும் புண்ணும் பட்டினியும் கொண்ட யுத்தக்கதை கையில் கிட்டியது. அவர்கள் ஏமாற்றத்தில் அநியாயம் ஏதுமில்லை. முதற்பாகம் அவர்களுக்குப் பழக்கிய ருசி வேறு. ஆயினும் இந்தக் குறையைக் கூறியோரில் கணிசமானோர், அகிவாவைக் காரூ மன்னித்திருக்க வேண்டும் என்று ஒருபோதும் சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அவர்கள் கூடவேண்டும் என்று ஏங்கியபடியே, கூடினால் தமக்கு அருவருப்பாக இருக்கும் என்றும் உணர்ந்தார்கள். ஏனைய நவீனங்களில் காதலரைப் பிரிப்பது பெரும்பாலும் ஒரு தப்பபிப்பிராயம், அல்லது மூன்றாமவர் ஒருவரின் வரவு, அல்லது உன் நன்மைக்காக விலகுகிறேன் என்னும் வீண் தியாகம். இங்கே பிரிப்பது ஒரு நகரத்தின் சாம்பல். அதை ஒரு நல்ல வார்த்தையால் கடந்துவிட இயலாதென்ற உண்மையை ஆசிரியை கடைசிவரை தளர்த்தவில்லை. இந்நூலின் பெருமையே அவ்வுறுதியில்தான் இருக்கிறது என்பது இதை எழுதுபவரின் திடமான அபிப்பிராயம்.

இரண்டாவது குறை காரூவின் நடத்தையைப் பற்றியது. முதல் நூலில் வாய்த்துடுக்கும் துணிச்சலும் உடையவளாக வந்து எல்லோர் மனத்தையும் கவர்ந்த பெண், இங்கே தலைகுனிந்து, தன்னைத் துரோகியென்று வெறுக்கும் படையினருக்கு நடுவே, தியாகோவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கிடப்பதைச் சகிக்கமாட்டாதவர்கள் அநேகர். அவள் ஏன் எதிர்த்துக் கேட்கவில்லை, அவன் பொய்யை ஏன் இவ்வளவு காலம் நம்பினாள் என்று அவர்கள் கேட்டது, ஒரு சிநேகிதியைக் கடிந்துகொள்ளும் தொனியில் அமைந்தது. இதற்கு மறுமொழி கூறிய வாசகர்கள், வளர்த்தவரையும் வீட்டையும் இனத்தையும் ஒரே நாளில் இழந்து, அவ்விழப்புக்குத் தன் காதலே காரணமென்று நம்பும் பதினேழு வயதுப் பெண் வேறெவ்வாறு இருப்பாள் என்று வினவினார்கள். துக்கம் மனிதரை மந்தமாக்கும், குற்றவுணர்ச்சி அடிமையாக்கும். இதைத் தம் வாழ்வில் கண்டவர்களுக்குக் காரூவின் மௌனம் புதிராகத் தோன்றவில்லை.

கதையின் இருளுக்கு நடுவே எல்லாத் தரப்பினரும் ஒருமித்துப் போற்றிய பகுதி, காரூவின் பிராக் நகரத்துத் தோழி ஸுஸானாவும் அவள் காதலன் மிக்கும் வருகிற பகுதி. காரூ மின்னஞ்சலில் பூடகமாக எழுதிய ஒரு குறிப்பைக் கொண்டே இடத்தை ஊகித்து, பாலைவனத்தைக் கடந்து வந்து சேரும் இச்சிறு மானிடர் இருவரும், கோரவுருக் கொண்ட படைவீரர்களோடு அஞ்சாமல் உணவருந்திச் சிநேகம் கொள்கிறார்கள். மிக் வயலின் வாசிக்கிறான். இவர்கள் வந்த பின்னரே தமக்கு மூச்சுவிட முடிந்தது என்றார்கள் வாசகர்கள். இவ்விருவரின் காதல் தொடங்கிய கதையை டெய்லர் நைட் ஆஃப் கேக் அண்ட் பப்பெட்ஸ் என்னும் குறுநாவலாக 2013-ல் தனியே வெளியிட்டார். ஸ்வேவா, சரஸால் என்னும் மானுருச் சகோதரிகள் அடிமை வணிகரிடமிருந்து தப்பியோடும் கிளைக்கதையைப் பற்றியோ ஒருமித்த கருத்து இல்லை: அது கதையின் வேகத்தைக் குறைக்கிறதென்றார் சிலர், போரில் மடிவோர் யாரென்று முகம் காட்டியது அதுவேயென்றார் சிலர்.

வாசகர் நெடுநாள் மறவாத காட்சி ஒன்றுண்டு. தேவதூதரின் பேரரசன் ஜோராமை அகிவா கொல்லும் களத்தில் அகிவாவின் சகோதரன் ஹஸாயேல் மாண்டுபோகிறான். எப்போதும் சிரித்த முகமாய்த் திரிந்த அவனுடைய உடலைச் சுமந்துகொண்டு, அகிவாவும் சகோதரி லிராஸும் எதிரியின் கோட்டைக்கே பறந்து வந்து, அவனை எழுப்பித் தருமாறு காரூவிடம் மன்றாடுகிறார்கள். காரூ அவ்வுடலில் ஆன்மாவைத் தேடுகிறாள். அது முன்னமே அகன்றுவிட்டது. எத்தனையோ கைமிராக்களை ஈவிரக்கமின்றிக் கொன்று, கொன்றதன் எண்ணிக்கையைத் தன் கைகளில் பச்சை குத்திக்கொண்ட லிராஸ், அந்தக் கணத்தில் நொறுங்கிப்போகிறாள். அதுவரை அவளை வெறுத்து வந்த வாசகர்கள் அவளை நேசிக்கத் தொடங்கியது இங்கேதான். பகைவரின் துக்கமும் தன் துக்கமும் ஒரே எடையுள்ளவை என்பதை உபதேசம் ஏதுமின்றி இக்காட்சி உணர்த்திவிடுகிறது.

மிகக் கடுமையான கண்டனம், தியாகோ காரூவைப் பலாத்காரம் செய்ய முற்படும் பகுதியின் மேல் எழுந்தது. அவள் தற்காப்பில் அவனைக் கொன்று தப்புகிறாள் என்றாலும், இளையோர் நூலில் இத்தகைய சம்பவம் இடம்பெறலாமா என்ற கேள்வியைப் பெற்றோரும் ஆசிரியர்களும் மட்டுமன்றி இளம் வாசகியரே கேட்டார்கள். அக்காட்சியில் கிளர்ச்சியூட்டும் சொல் ஒன்றும் கிடையாது. அருவருப்பும் பயமும் பின்னர் வரும் நடுக்கமுமே உண்டு. யுத்தத்தைப் பற்றி எழுதத் துணிந்தவர் யுத்தகாலத்துப் பெண்களுக்கு நேர்வதை மறைப்பது சரியாகாது என்ற வாதம் வலுவானதே. எனினும் முன்னெச்சரிக்கை ஏதுமின்றி அதை எதிர்கொண்ட வாசகியின் அதிர்ச்சியையும் அலட்சியப்படுத்தலாகாது.

இச்சம்பவத்தை ஒட்டி நிகழ்வது ஸிரியின் தியாகம். கிரின் என்னும் கைமிராக் குலத்தில் எஞ்சிய இளைஞனும், சிறுவயது முதல் மேட்ரிகல்மேல் மாறா அன்பு வைத்தவனுமாகிய ஸிரி, தளபதி இறந்த செய்தி படையில் பரவினால் காரூவின் உயிர் தங்காதென்று கண்டு, தன் அழகிய உடலைக் கைவிட்டு, தான் வெறுத்த தியாகோவின் உடலுக்குள் தன் ஆன்மாவை ஏற்றச் சம்மதிக்கிறான். அவன் இனி எந்தக் கண்ணாடியில் பார்த்தாலும் அவள் அஞ்சும் முகமே தெரியும். அகிவாவைவிட ஸிரியே அவளுக்குத் தக்கவன் என்று ஒரு கூட்டத்தார் வாதாடத் தொடங்கியதும், அவனுக்காகக் கண்ணீர் வடித்ததாகச் சொல்லாத வாசகர் அரிதாகியதும் இதன் பயனே.

ஜோராமின் சகோதரன் ஜாயேல் தன் சேனையோடு மனித உலகத்துள் புகுவதும், அவனைத் தடுக்கப் பகைவர் இருவரும் ஓரணியில் சேர நேர்வதுமாக நூல் நின்றுவிடுகிறது. அங்கிருந்து அடுத்த பாகத்துக்கு ஏறத்தாழ 17 மாதங்கள் காத்திருக்க நேர்ந்தவர்களின் கோபத்தில் ஒரு பங்கு, இந்த இடைவெளிக்கு உரியது; மூன்று பாகங்களையும் அடுத்தடுத்துப் படிக்கும் வசதி பெற்ற பிற்கால வாசகரிடம் அதே உக்கிரத்தைக் காண்பதில்லை. முதலில் இதைப் பாதியில் மூடிவைத்தவர் சிலர், 2014-க்குப் பின் திரும்ப எடுத்துப் படித்து, மூன்றிலும் இதுவே தமக்கு உகந்ததென்று கூறியதுமுண்டு. இறுதிப் பாகத்தில் ஸிரி, ஓநாயின் உடலைக் களைந்து மறுபடியும் தன் குலத்து உருவைப் பெறுகிறான். அவனுக்கென்று அன்பு செலுத்தக் காத்திருப்பவள், ஹஸாயேலின் உடலருகே நொறுங்கி நின்ற அதே லிராஸ்.