கடல் கடந்த கணக்கு

நம் சங்கத்து அன்பர்களுள் சிறு கடையும் உணவு விடுதியும் நடத்துவோர் உளர். அயல்நாட்டிலும் ஒரு கிளை வேண்டும் என்னும் ஆசை அவர்தம் இல்லங்களில் இன்று எழுந்துள்ளது. அவ்வாசையோடு முன்பே கடல் தாண்டியவர் நாட்டுக்கோட்டை நகரத்தார். அவர் கொண்டு சென்ற பணத்தைப் பலரும் பேசுவர். கொண்டு சென்ற அறிவை ஈண்டு நோக்குவோம்.

1852-ல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869-ல் சூயஸ் கால்வாய் திறக்கவே, ஐராவதிக் கழிமுகத்து அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி பெருகிற்று. காடு திருத்திப் பயிரிடக் குடியானவனுக்குக் கடன் தேவை. ஆங்கில வங்கிகளோ சிற்றூர்களுக்குச் செல்லவில்லை. அவ்விடத்தை நகரத்தார் நிரப்பினர். 1930-ஐ ஒட்டி அங்கு அவர்தம் கடைகள் சுமார் 1,650 இருந்தன.

முந்திரி, காணி, மா என்னும் பின்ன வாய்பாடுகளை மனனம் செய்த சிறுவன், பெட்டியடிப் பையனாய் அமர்ந்து, அடுத்தாளாய் உயர்ந்து, அதன் பின்னரே ஏஜெண்டு ஆனான். பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை. முடிந்ததும் ஊர் திரும்பிக் கணக்கு ஒப்புவித்தல் வேண்டும். இலாபத்திலும் அவனுக்குப் பங்குண்டு. ரங்கூனில் மாதந்தோறும் கோயிலிற் கூடி நடப்பு வட்டியை நிச்சயித்தனர். இருப்புப்பாதை அலுவலகத்தில் பேரேடு புரட்டும் நாம், அஞ்சலையும் தந்தியையும் நம்பிக் கடலுக்கப்பால் இத்துணைக் கணக்கையும் ஆண்ட திறத்தை வியவாதிருக்க இயலவில்லை.

ஆயினும், 1937 மார்ச் முடிய பர்மா இந்தியாவின் ஒரு மாகாணமே. நாணயமும் நீதிமன்றமும் பழகியவை; அயல்நாடு என்னும் உணர்வே எழவில்லை போலும். (நம் ஹைதராபாத்திலோ 1950-களின் தொடக்கத்திற்கூட ஹாலி சிக்கா வேறு, இந்திய ரூபாய் வேறு, வட்டம் பார்க்காமல் கடை நடத்தவியலாது.) 1930-ல் நெல் விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை, ஈட்டு நிலமே கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்காயிருந்த அவர்தம் வயல், 1938-க்குள் 25 பங்காயிற்று. வேண்டி வாங்கிய நிலமன்று அது. வயலிழந்த குடியானவனுக்கு அவ்வேறுபாடு தெரியுமா? 1942-ல் ஜப்பானியர் படையெடுப்பு. 1948-ல் நில நாட்டுடைமைச் சட்டம். கணக்குப் புத்தகங்கள் மட்டுமே எஞ்சின.

அந்நியச் செலாவணி தனிக்கலை என்பதையும் அவருள் ஒருவர் உணர்ந்திருந்தார். மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிடத்தும் ஒருங்கே தொடங்கினார்.

இன்று வெளிநாட்டில் முதலிடுவோர்க்கு 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமும், 2022-ல் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளும் உண்டு. பணம் வங்கி வழியே செல்லல் வேண்டும். செல்லும் நாட்டின் நிலச் சட்டத்தை அந்நாட்டு வழக்கறிஞரிடமே கேட்டறிக. அங்குள்ள மைத்துனர் சொல் போதாது.