இரும்புக்குப் பேரீச்சம்பழம்

பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவியபடி சைக்கிளில் வரும் வியாபாரி, 1970, 80களில் தமிழ்நாட்டுத் தெருக்களுக்குப் பழக்கமானவர். துருப்பிடித்த ஆணி, உடைந்த தாழ்ப்பாள், ஓட்டை விழுந்த அலுமினியக் குண்டான் எல்லாம் அவருடைய தராசுக்குப் போகும். ஒட்டிப் பிசுபிசுக்கும் பழக்கட்டியிலிருந்து ஒரு துண்டு பிள்ளைகளின் கைக்கு வரும். காந்தத்தில் ஒட்டுவது இரும்பு, ஒட்டாத பித்தளைக்கும் செம்புக்கும் விலை கூடுதல் என்பதை அறிவியல் பாடத்துக்கு முன்பே அவர்கள் இந்தப் பேரத்தில் தெரிந்துகொண்டார்கள்.

காகிதத்தின் கணக்கு இன்னும் நுட்பமானது. பழைய பேப்பர் கடையில் ஆங்கில நாளிதழுக்கு ஒரு விலை, தமிழ் நாளிதழுக்கு அதைவிடக் குறைந்த விலை. நோட்டுத் தாளுக்குத் தனி விலை. அங்கிருந்து போன தாள் பல வீடுகளில் மளிகைக் கடைக்கான கவராக மாறியது. மைதாவைக் காய்ச்சிப் பசையாக்கி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். பெரியவர்கள் மடிக்க, பிள்ளைகள் ஒட்டி வெயிலில் காயவைப்பார்கள். முழுப்பரீட்சை முடிந்ததும் பழைய நோட்டுகளின் எழுதாத தாள்களைக் கிழித்து, கோணி ஊசியால் தைத்து ரஃப் நோட்டு ஆக்குவதும், பாடப்புத்தகத்தைக் கீழ்வகுப்புப் பிள்ளைக்குப் பாதி விலைக்குக் கொடுப்பதும் வழக்கம்.

இதைப் பொற்காலமாகப் பாடுவது சரியல்ல. குப்பை பொறுக்கிய ஏழைச் சிறுவர்களுக்கு இது பாடமல்ல, பிழைப்பு. செம்புக்காக வயரைக் கொளுத்திய புகையைச் சுவாசித்தவர்களும் அவர்களே. மேலும், விலை போகும் பொருளை மட்டுமே இந்தப் பழக்கம் காப்பாற்றியது. எடைக்குப் போடக்கூட ஆகாத மெல்லிய பாலித்தீன் பை புழக்கத்துக்கு வந்ததும் அந்தக் கணக்கு உடைந்தது. எந்தக் கடையும் வாங்காத பை சாக்கடையில் அடைத்துக்கொண்டது.

விலை கற்பிக்காததைப் பள்ளி கற்பிக்கவேண்டி வந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயப் பாடமாக்க வழிகாட்டியது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்ற பிரிவு தொடக்க வகுப்புப் பாடங்களில் இடம்பெற்றது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள், வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொல்லி, தீங்கு விளைக்கும் கழிவைத் தனியே வைத்தன. ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்தது. கைப்பைகளும் அந்தப் பட்டியலில் இருந்ததால், துணிப்பைக்கும் காகிதக் கவருக்கும் மளிகைக் கடைகளில் மறுபடி தேவை எழுந்தது.