இழவு சொல்லும் வழி

யாழ்ப்பாணத்தில் ‘கொமினிகேஷன்’ எண்டால் முதலில் ஞாபகம் வருவது ஒரு கடை. போட்டோக்கொப்பி எடுக்கலாம், ரீலோட் போடலாம், ஒரு காலத்தில் கண்ணாடிக் கூட்டுக்குள் நின்று வெளிநாட்டுக்குக் கதைக்கலாம். அதே சொல் உயர்தரப் பாடப்புத்தகத்தில் ‘தொடர்பாடல்’ ஆகிவிடும். அங்கே அது ஒரு படம். அனுப்புநர், செய்தி, ஊடகம், பெறுநர், நடுவில் இரைச்சல், திரும்பிவருவது பின்னூட்டல். சோதனைக்குப் பாடமாக்கி எழுதிப்போட்டு மறந்துபோகிற படம்.

அந்தப் படத்தை எங்கட ஊர்ப்பக்கம் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால் என்ன எண்டு யோசித்தோம். அதுக்கு எந்த வீட்டிலிருந்தும் ஒருநாள் கட்டாயம் புறப்பட வேண்டிய ஒரு செய்தி வேணும். சாவுச் செய்தியைவிட அதுக்குப் பொருத்தமானது வேறொன்றும் இல்லை. புத்தூரில் ஒராள் மோசம் போனால், அந்தச் செய்தி மற்ற இடங்களுக்கு எப்படிப் போனது? இந்தக் கேள்வியோடு பின்னோக்கிப் போனால், தொடர்பாடல் எண்ட பாடத்தின் முக்கால்வாசி எங்கட செத்தவீடுகளுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் அந்தப் படம் எங்கிருந்து வந்தது எண்டதைச் சொல்ல வேணும். 1948 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வேலை செய்த கிளோட் ஷனன் தொடர்பாடலுக்கு ஒரு கணிதக் கோட்பாடு எழுதினார். தொலைபேசிக் கம்பிக்குள்ளால் போகிற சமிக்ஞை கெடாமல் மறுமுனைக்குப் போய்ச் சேருவதுதான் அவருடைய பிரச்சினை. செய்தியின் அர்த்தம் பொறியியலாளரின் கவலை இல்லை எண்டு அவரே சொல்லிவிட்டார். அதே வருசம் ஹரோல்ட் லாஸ்வெல் எண்ட அரசியல் அறிஞர் வேறொரு பக்கத்தால் வந்தார். யார், என்ன, எந்த வழியால், யாருக்கு, என்ன விளைவோடு சொல்லுகிறார் எண்டு கேட்டார். பாடப்புத்தகத்துப் படம் இந்த மாதிரிக் கேள்விகளிலிருந்து வளர்ந்ததுதான்.

இனி புத்தூருக்கு வருவோம். புத்தூர்ச் சந்தியில் நின்றால் தெற்கே நீர்வேலி, கோப்பாய் தாண்டி யாழ்ப்பாணம். வடக்கே ஆவரங்கால், வல்லை வெளி கடந்து வடமராட்சி. மேற்கே சுன்னாகம். கிழக்கே வண்ணாத்திப் பாலம் கடந்து மீசாலை, தென்மராட்சி. ரெலிபோன் இல்லாத காலத்தில் சாவுச் செய்தி இந்த வழிகளால் கால்நடையாகப் போனது. வெயில் ஊர். உடலை வைத்திருக்க முடியாது. பொழுதுபட்டுச் செத்தால் அடுத்தநாள் எடுக்க வேணும். அதுக்குள்ள இந்தப் பக்கங்கள் எல்லாத்துக்கும் ஆள் போய்ச் சொல்லி, அவர்கள் வந்து சேரவும் வேணும்.

ஊருக்குள்ளே சொல்வதற்கு ஆள் போகத் தேவையில்லை. பறை சொல்லிவிடும். ஒரு சொல்லும் இல்லாத செய்தி அது. ஆனால் கேட்டவுடன் இது கோயில் மேளம் இல்லை, சாவீட்டு மேளம் எண்டு சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். ஒரு ஓசைக்கு ஒரு அர்த்தம் எண்டு அனுப்புறவரும் கேட்கிறவரும் முன்கூட்டியே ஒத்துக்கொண்டிருப்பதைத்தான் பாடப்புத்தகம் ‘குறியீடு’ எண்டு சொல்லுது.

சரி, அந்தப் பறையை யார் அடித்தது? தூர ஊர்களுக்கு இழவு சொல்ல யார் நடந்தது? இந்த வேலைகள் குடிமைக் கடமை எண்ட பெயரில் ஒடுக்கப்பட்ட சாதிகளின் தலையில் சுமத்தப்பட்டிருந்தன. விருப்பமான தொழில் இல்லை. மாட்டேன் எண்டு சொல்ல உரிமையும் இல்லை. செய்தி இன்னொருவருடையது. வேர்வையும் நடையும் இவருடையது. கொண்டுபோன வீட்டில் முற்றத்துக்கு அங்காலே நின்று சொல்லிவிட்டுத் திரும்ப வேணும்.

படத்தில் ‘ஊடகம்’ எண்டு ஒரு கோடு கீறியிருக்கும். எங்கட ஊரில் அந்தக் கோடு ஒரு மனிசனாக இருந்தது. அவர் எல்லாருடைய சாவையும் சொன்னார். அவருடைய வீட்டுச் சாவுக்கு வேறு சட்டம் இருந்தது. 1944 இல் யாழ்ப்பாணம் வில்லூன்றி மயானத்தில், ஒடுக்கப்பட்ட மக்கள் ஒரு உடலை எரிக்கப் போன இடத்தில், முதலி சின்னத்தம்பி சுட்டுக்கொல்லப்பட்டார். மயானத்தில் நெருப்பு வைக்கவே உயிர் கொடுக்க வேண்டியிருந்த சமூகம் இது.

அதனாலதான் பல ஊர்களில் மக்கள் பறையடிக்க மறுத்ததை நாங்கள் தொடர்பாடல் வரலாற்றின் ஒரு பெரிய நிகழ்வாகப் பார்க்கிறோம். 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. 1966 ஒக்ரோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து சாதிக்கெதிரான ஊர்வலம் புறப்பட்டது. அந்தக் காலகட்டத்தில் ‘இனி உங்கட செய்தியை நாங்கள் காவ மாட்டம்’ எண்டு சொன்னது, காலங்காலமாகக் கோடாக இருந்தவர் முதன்முதலாக அனுப்புநராக மாறின இடம். அவர் அனுப்பின செய்தி ஒரு மௌனம். ஆனால் அது எல்லா ஊருக்கும் கேட்டது.

இன்றைக்குப் பறை மேடைக்கு வந்திருக்கிறது. பல்கலைக்கழக மாணவர்களும் பெருமையாக அடிக்கிறார்கள். நல்ல விசயம். ஆனால் அதை ‘எங்கள் ஆதி ஊடகம்’ எண்டு புகழும்போது அடிக்க மறுத்தவர்களையும் சேர்த்து நினைக்க வேணும்.

கம்பியும் காகிதமும் காற்றலையும் வந்தபோது இந்த நடை மெல்ல மெல்ல இல்லாமல் போனது. இலங்கையில் முதலாவது தந்திக் கம்பி 1858 இல் காலிக்கும் கொழும்புக்கும் இடையில் ஓடியது. யாழ்ப்பாணத்தவர்கள் மலாயாவுக்கு றெயில்வே வேலைக்கும் கிளாக்கர் வேலைக்கும் போன காலத்தில் தந்திதான் கடல்தாண்டிச் சாவு சொன்னது. சொல்லுக்குச் சொல் காசு. அதனால் செய்தி எலும்பாக வந்தது. தந்திக்காரனைப் படலையில் கண்டவுடனே, உறையைப் பிரிக்க முதலே அழத் தொடங்குவார்கள். செய்தியைக் கொண்டுவந்த வழியே செய்தியாகிவிட்டது.

வானொலி இதுக்கு நேர்மாறு. கொழும்பில் 1925 இல் ஒலிபரப்பு தொடங்கியது. 1949 இல் அது ‘றேடியோ சிலோன்’ ஆனது, 1967 இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனது. அதன் தமிழ்ச் சேவையில் மரண அறிவித்தல் வாசிக்கிற நேரம் வீடுகளில் கதை நின்றுவிடும். அந்த அறிவித்தலின் அமைப்பைக் கொஞ்சம் கவனியுங்கோ. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர், இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் தகப்பன், இன்னாரின் மைத்துனர். பிறகு கிரியை எப்போது, தகனம் எந்த மயானத்தில். பெயர் மட்டும் போதாதா எண்டு கேட்கலாம். போதாது. ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். றேடியோ கரகரத்து ஒரு பெயர் விழுங்கப்பட்டாலும் ஊரையும் மருமகனையும் வைத்து ‘அட, எங்கட அவர்’ எண்டு பிடித்துவிடலாம். இரைச்சலை வெல்ல ஒரே விசயத்தைப் பல வழிகளில் சொல்ல வேணும் எண்டு ஷனன் கணக்கால் காட்டினதை, மரண அறிவித்தல் உறவுமுறையால் செய்தது.

அதுக்குள்ளே இன்னும் குறியீடுகள் உண்டு. ‘சிவபதமடைந்தார்’ எண்டால் சைவர். ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ எண்டால் கிறிஸ்தவர். பிறப்பிடம் புத்தூர், வதிவிடம் ரொறன்ரோ எண்டு வாசித்தால், போரும் புலம்பெயர்வும் அந்த இரண்டு ஊர்ப்பெயர்களுக்கு நடுவிலேயே அடங்கிக் கிடக்கும். 31ஆம் நாளில் குடுக்கிற ‘கல்வெட்டு’ப் புத்தகமும் இப்படித்தான். ஒரு குடும்பத்துக்காக அடித்த அந்தச் சின்னப் புத்தகங்களை நூலகம் எண்ணிமத் தளம் இன்று சேகரித்து வைத்திருக்கிறது. செத்தவீட்டுக்கு வராத, இன்னும் பிறக்காத ஆய்வாளரும் அந்தச் செய்தியின் பெறுநர் ஆகிவிட்டார்.

பிறகு போர். 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கினபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, ரெலிபோன் இல்லை, பொருளாதாரத் தடையில் பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுத்தி, டைனமோவில் றேடியோ கேட்டார்கள். ஒராள் சுத்த, சுத்தி இருந்தவர்கள் பிபிசி தமிழோசை கேட்பார்கள். ‘உதயன்’ பத்திரிகை அச்சுத்தாள் இல்லாமல் கோடு போட்ட கொப்பித் தாளிலும் வந்தது. பாடப்புத்தகத்தில் இரைச்சல் எண்டால் சத்தம், கவனச்சிதறல் எண்டு இருக்கும். இங்கே தடை, பாதை மூடல், தணிக்கை எல்லாமே இரைச்சல்தான். அது தற்செயலாக வந்த இரைச்சலும் இல்லை. திட்டமிட்டு உண்டாக்கினது.

அந்தக் காலத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தின் குடும்பச் செய்தித்தாள் ஒரு வழியாக இருந்தது. உறையில்லாத தாள். குடும்ப விசயம் மட்டும் எழுதலாம், நடுவில் யாரும் வாசிக்கலாம். இப்படி ஒரு தாள் நாள்கணக்கில், மாதக்கணக்கில் பிந்தி வந்தால், போனவர் சாம்பலாகி எத்தனையோ நாளானபிறகு இங்கே ஒரு வீட்டில் அழுகை தொடங்கும். எங்கட வழமையில் பிந்திக் கேட்டவருக்கும் துடக்கு உண்டு. கேட்டவுடனே தலைமுழுக வேணும். சாவு நடந்த நாள் ஒன்று, சாவு ‘தெரிந்த’ நாள் இன்னொன்று எண்டு எங்கட ஆட்கள் எப்பவோ பிரித்து வைத்திருக்கிறார்கள். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமமே இடம்பெயர்ந்தபின் பெறுநர் எந்த ஊரில், எந்த மரத்தடியில் இருக்கிறார் எண்டும் தெரியாமல் போனது. முகவரி இல்லாத செய்தி சந்திக்குச் சந்தி வாய்வழியாக ஆளைத் தேடி அலைந்தது.

2002 இல் ஏ9 பாதை திறந்தபிறகு ‘கொமினிகேஷன்’ கடைகள் பெருகின. இப்ப அந்தக் கண்ணாடிக் கூடும் இல்லை. வட்ஸ்அப் குழுவில் ஒரு படமும் இரண்டு வரியும் வந்தால் லண்டனும் சூரிச்சும் புத்தூரும் ஒரே நிமிசத்தில் அறியும். செத்தவீடு நேரலையில் ஓடும். பின்னூட்டலும் உடனே வரும்: கும்பிடு கை, ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’. முந்தி இழவுச் செய்திக்குப் பதில் ஒன்றுதான், ஆள் வந்து நிற்பது. வராதவரோடு வருசக்கணக்கில் கதையாமல் விட்ட குடும்பங்கள் உண்டு. இப்ப யாருடைய கால்நடையும் அடிமைவேலையும் இல்லாமல் செய்தி போகிறது. அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் போய்ச் சேர்வதும் போய்ச் சொல்லப்படுவதும் ஒன்று இல்லை.

அந்த வித்தியாசம் எங்கட நாட்டில் இன்னும் ஆறாத காயமாகக் கிடக்கிறது. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர்போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். 2020 ஜனவரியில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, காணாமல்போனவர்கள் இறந்துவிட்டார்கள் எண்டு ஐ.நா. பிரதிநிதியிடம் சொன்னார். படத்தின்படி பார்த்தால் எல்லாம் சரி. அனுப்புநர் இருக்கிறார், செய்தி இருக்கிறது, உலகம் முழுக்கப் போன ஊடகமும் இருக்கிறது. ஆனால் அந்தத் தாய்மார் ஒருவரும் தலைமுழுகவில்லை. எப்போது, எங்கே, யாருடைய கையால் எண்டு இல்லாத செய்தியை அவர்கள் இழவாக ஏற்கவில்லை. சொன்னவர் முற்றத்துக்கு வரவும் இல்லை, அவர்களின் கண்ணைப் பார்த்துச் சொல்லவும் இல்லை.

தொடர்பாடலின் அடிப்படை என்ன எண்டு கேட்டால் நாங்கள் இந்த வரலாற்றைத்தான் காட்டுவோம். செய்தியைக் காவுறவர் மனிசர் எண்டு மதிக்கப்பட வேணும். கேட்கிறவர் சரிபார்க்கிறதுக்கு ஊரும் உறவும் நாளும் அதுக்குள்ளே இருக்க வேணும். கேட்டவர் திருப்பிக் கேள்வி கேட்கவும், சொன்னவர் அங்கே நின்று பதில் சொல்லவும் வேணும். இது மூன்றும் இல்லாமல் போனதை ‘அறிவித்தோம்’ எண்டு அரசாங்கம் எழுதி வைக்கலாம். வீட்டில் அது இன்னும் வராத செய்திதான். அதுக்காக இன்றைக்கும் வழியில் உட்கார்ந்திருக்கினம்.