மலைநாட்டுப் பாதையும் மோட்டார்ச் சைக்கிளும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

இலங்கையின் மத்திய மலைநாட்டு வரலாற்றை ஆராய்ந்தோர் கோப்பி, தேயிலை, புகையிரதம், கங்காணி முறை ஆகியன பற்றி விரிவாக எழுதியுள்ளனர். தோட்டப் பாதைகளில் ஏறி இறங்கிய மோட்டார்ச் சைக்கிள் அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. அது வரலாற்றுக்குரிய பொருளன்று, பொழுதுபோக்குக்குரியது என்னும் எண்ணமே இதற்குக் காரணமாகலாம். ஆயினும் ஒரு சமுதாயத்தில் எவர் நடந்தனர், எவர் ஏறிச் சென்றனர், பாதை எவருக்கு உரியதாய் இருந்தது என்னும் வினாக்கள் அச்சமுதாயத்தின் அடிப்படையைத் தொடுவன. நுவரெலியா, அட்டன் பகுதிகளில் மோட்டார்ச் சைக்கிளின் வரலாறு இவ்வினாக்களோடு பிணைந்தது. அப்பிணைப்பைத் தெளிவுபடுத்துதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் பாதையை நோக்குவோம். 1824 தொடக்கம் 1831 வரை தேசாதிபதியாக இருந்த எட்வேட் பான்ஸ் காலத்திலேயே கடுகண்ணாவைக் கணவாய் வழியாகக் கண்டிக்கு வண்டிப் பாதை அமைந்தது. நுவரெலியாவை ஆங்கிலேயரின் உடல்நல வாசத்தலமாக்கியவரும் அவரே. தொடக்கத்தில் படைத்தேவைக்காக அமைந்த பாதைகள் பின்னர் கோப்பியின் தேவைக்கு உரியனவாயின. தோட்டங்களிலிருந்து கோப்பி இறங்க வேண்டும். தோட்டங்களுக்கு அரிசி ஏறவேண்டும். இவ்விரண்டுமே மலைநாட்டுப் பாதைகளின் திசையைத் தீர்மானித்தன. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரோ மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து மாத்தளை வந்து சேர்ந்தனர். கொள்ளைநோயாலும் பசியாலும் அவ்வழியில் மாண்டோர் பல்லாயிரவர். கண்டிக்குப் புகையிரதம் வந்தது 1867இல். அதே ஆண்டில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்டார். நாவலப்பிட்டிக்கு 1874இலும், அட்டனுக்கு 1884இலும், நானுஓயாவுக்கு 1885இலும் இருப்புப்பாதை எட்டியது. நிலையத்திலிருந்து தோட்டம் வரையும், தோட்டத்தின் உள்ளேயும் மலையைக் குடைந்து வளைவு வளைவாகப் பாதை வெட்டும் பணி எஞ்சியிருந்தது. அதைச் செய்தவை தமிழ்த் தொழிலாளரின் கைகள்.

பாதையை வெட்டியோர் அப்பாதையில் ஏறிச் செல்லவில்லை. துரை குதிரையில் சென்றார். குதிரைக்காரன் பின்னால் ஓடினான். லயத்திலிருந்து பிரட்டுக்களத்துக்கும், பிரட்டுக்களத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் இடத்துக்கும் தொழிலாளர் நடந்தனர். வளைந்து செல்லும் வண்டிப் பாதையை விடுத்துத் தேயிலைச் செடிகளினூடே நேராக ஏறும் குறுக்கு வழிகளே அவர்களுடையவை. இன்றும் எந்தத் தோட்டத்தை நோக்கினும் இவ்விரு வகைப் பாதைகளையும் காணலாம். ஒன்று சக்கரத்தின் வசதி கருதி வெட்டப்பட்டது. மற்றையது காலால் தேய்ந்து உண்டானது. தோட்டத்தின் வர்க்க அமைப்பு மலைச்சரிவிலேயே கோடிட்டுக் காட்டப்பட்டுள்ளது எனின் மிகையாகாது.

மோட்டார்ச் சைக்கிள் இவ்வமைப்பினுள்ளேதான் நுழைந்தது. விற்பனைக்கெனத் தொடர்ச்சியாக உற்பத்தி செய்யப்பட்ட முதல் மோட்டார்ச் சைக்கிள் 1894இல் ஜேர்மனியில் வெளிவந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுள் றோயல் என்பீல்ட், ட்ரயம்ப், நோட்டன், பி.எஸ்.ஏ. ஆகிய பிரித்தானிய நிறுவனங்கள் இத்தொழிலில் இறங்கின. 1914 தொடக்கம் 1918 வரை நடந்த உலகப் போரில் செய்தி கொண்டு செல்வோரின் வாகனமாக அது தன் திறனை நிலைநாட்டியது. போரின் பின் பிரித்தானியப் பேரரசின் தோட்டங்களெங்கும் அது பரவியதில் வியப்பில்லை. குதிரைக்குத் தொழுவமும் தீனியும் பராமரிக்க ஆளும் வேண்டும். மோட்டார்ச் சைக்கிளுக்கு வேண்டியவை பெற்றோலும் எண்ணெயுமே. மோட்டார்க் கார் புகமுடியாத ஒடுங்கிய பாதையிலும் அது செல்லும். எனவே பல டிவிசன்களை ஒரே நாளிற் சுற்றிப் பார்க்கவேண்டிய சின்னத்துரைக்கு அதுவே ஏற்ற வாகனமாயிற்று.

இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. தோட்டத்தில் வாகனம் வெறும் வசதியன்று. அது பதவியின் அடையாளம். பெரியதுரைக்குக் கார், சின்னத்துரைக்கு மோட்டார்ச் சைக்கிள், கண்டாக்கையாவும் கணக்கப்பிள்ளையும் பெரும்பாலும் கால்நடை, தொழிலாளிக்கு என்றும் கால்நடை. சின்னத்துரை பதவி உயர்ந்து பெரியதுரையாகும்போது இரு சக்கரம் நான்கு சக்கரமாகும். இவ்வேணியின் படிகளுள் மோட்டார்ச் சைக்கிளுக்குரிய படி கண்காணிப்புக்குரியது. காலைப் பிரட்டில் ஆட்கணக்கு எடுத்தபின் எந்த மலையில் எத்தனை பேர், கொழுந்து எத்தனை இறாத்தல், கவ்வாத்து எவ்வளவு முடிந்தது எனப் பார்த்து வருபவர் அதன்மீது வந்தார். மேற்பார்வையின் வேகத்தை அது பன்மடங்காக்கியது. ஆயினும் பள்ளத்தாக்கில் எஞ்சினின் ஓசை இரண்டு வளைவுக்கு முன்னரே கேட்கும். ஆதலால் வருபவரின் வருகையை மலையில் நிற்பவர்க்கு முன்கூட்டியே அறிவித்ததும் அவ்வாகனமே. கண்காணிப்புக் கருவி தன்னைத் தானே காட்டிக்கொடுத்த விந்தை இது.

1930கள் இம்முரண்பாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றன. நுவரெலியாவின் மாகஸ்தோட்டைப் பாதையில் மலையேற்ற ஓட்டப்போட்டி 1934இல் தொடங்கியது. செங்குத்தான வளைவுகளில் காரும் மோட்டார்ச் சைக்கிளும் ஒவ்வொன்றாகப் புறப்பட்டு மிகக் குறைந்த நேரத்தில் உச்சியை அடைவதே போட்டி. ஏப்ரில் மாத வசந்தகாலக் கொண்டாட்டங்களுள் அது இன்றும் இடம்பெற்று வருகின்றது. ஏறத்தாழ அதே காலத்தில் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளரை அமைப்பாக்க முயன்றுகொண்டிருந்தார். அனுமதியின்றித் தோட்டத்துள் புகுவது அத்துமீறலாகக் கொள்ளப்பட்ட அக்காலத்தில், அவர் புடைவை வியாபாரி வேடம் பூண்டு லயங்களுக்குச் சென்றமை பலரும் பதிந்த செய்தி. தோட்டப் பாதை ஒருசாராருக்கு விளையாட்டுக் களம். தொழிற்சங்கவாதிக்கோ மாறுவேடத்திலன்றிக் கால்வைக்க இயலாத நிலம்.

1936இல் அவுஸ்திரேலியாவிலிருந்து தோட்டத்தொழில் பயில வந்த மார்க் அன்ரனி பிரேஸ்கேடில் இவ்வேணியின் கீழ்ப்படியில் நின்ற வெள்ளையர். அவர் தொழிலாளர் பக்கம் நின்று, 1937 ஏப்ரிலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் தோட்டத்துரைமாரைக் கண்டித்துப் பேசினார். அவரை நாடுகடத்தத் தேசாதிபதி ஆணையிட்டார். உயர் நீதிமன்றம் அவ்வாணையை ஏற்கவில்லை. மேற்பார்வைக்கென வந்தவர் அப்பணியை உதறித் தொழிலாளரோடு ஒரே மேடையில் நின்றமையை ஆளும் வர்க்கத்தாற் பொறுக்க முடியவில்லை. 1940 சனவரி 10ஆம் திகதி முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்தோர்மீது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். தொழிலாளர் உரிமைப் போரில் அதுவரை மூடிக் கிடந்த தோட்டப் பாதைகள் திறக்கத் தொடங்கியது அதன் பின்னரேயாம்.

இனி இயந்திரத்துக்கும் மலைக்குமிடையேயுள்ள உறவைச் சிறிது நோக்குதல் வேண்டும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கு காற்றின் அடர்த்தி கடற்கரையிலுள்ளதைவிட ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைவு. கொழும்பில் நன்றாக ஓடும் பழைய எஞ்சின், காபரேட்டர் அதே அளவு பெற்றோலைத் தர, காற்றுக் குறைந்தமையால் புகை கக்கும், பிளக் கரிபிடிக்கும், வலு குன்றும். சிறிய துளையுள்ள ஜெட்டை மாற்றியே இதைச் சரிசெய்தல் வேண்டும். ஏற்றத்துக்காகப் பின்சக்கரத்துப் பற்சக்கரத்தைப் பெரிதாக்கினால் இழுவை கூடும்; சமதரையில் வேகம் குறையும். இறக்கத்தில் பிறேக்கை மட்டும் நம்பிய ஓட்டுநர் அது சூடேறிப் பிடிதளர்வதைக் காண்பார். தாழ்ந்த கியரில் எஞ்சினையே தடையாகக் கொள்ளுதல் மலையோட்டத்தின் முதற்பாடம். தென்மேற்குப் பருவக்காற்று மே மாதம் தொடக்கம் அட்டன், மஸ்கெலியாப் பக்கத்தையும், வடகீழ்ப் பருவக்காற்று ஆண்டிறுதியில் இராகலைப் பக்கத்தையும் நனைக்கும். பழைய மக்னீற்றோவுக்குள் ஈரம் புகுந்தால் தீப்பொறி எழாது. பாதைச் சேறும் மணலும் செயினை விரைவில் தேய்க்கும். ஆகவே மலைநாட்டில் வாகனத்தை வைத்திருத்தல் என்பது அதை ஓயாது பேணுதல் என்றே பொருள்படும்.

அவ்வாறு பேணியோர் யாவர்? தேயிலைத் தொழிற்சாலைகளில் நீர்ச்சக்கரம், எண்ணெய் எஞ்சின், உருட்டும் இயந்திரம் ஆகியவற்றைக் கவனித்த தொழிலாளர் இருந்தனர். அவர்கள் பயின்ற கைத்திறனே அட்டன், தலவாக்கலை, நுவரெலியா நகரங்களின் பழுதுபார்க்கும் கடைகளுக்கு ஊற்றாயிருந்திருக்கும் எனக் கருதுதல் தவறாகாது. வாகனம் துரையுடையது, அதன் உள்ளறிவு தொழிலாளியுடையது. ஓசையைக் கேட்டே வால்வின் தளர்ச்சியை அறிபவனுக்கு அவ்வண்டியை வாங்கும் வசதி இருக்கவில்லை. உழைப்புக்கும் உடைமைக்குமிடையிலான பிளவுக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அதே ஆண்டில் பிரித்தானியாவில் பி.எஸ்.ஏ. நிறுவனம் 125 கன சென்ரிமீற்றர் எஞ்சின் கொண்ட பான்ரம் என்னும் எளிய வண்டியை வெளியிட்டது. போரில் தோற்ற ஜேர்மனியின் வடிவமைப்பைத் தழுவிய அது அங்கே சாதாரண உழைப்பாளியும் வாங்கத்தக்க வாகனமாயிற்று. இங்கோ உழைப்பாளிக்கு வாக்குரிமையே பறிக்கப்பட்டிருந்தது. இரு நிகழ்ச்சிகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை; ஆயினும் ஒரே பேரரசின் இரு முனைகளில் உழைக்கும் மக்கள் நின்ற நிலையை அவை அருகருகே வைத்துக் காட்டுகின்றன. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபின் இந்தியா செல்ல நேர்ந்தோர், முன்னோர் நடந்து வந்த மலையிலிருந்து பெட்டி படுக்கைகளுடன் இறங்கினர்.

1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. பெரியதுரையின் பங்களாவில் இந்நாட்டவர் அமர்ந்தனர். மோட்டார்ச் சைக்கிளின் இருக்கையிலும் ஆள் மாறினார். ஆனால் ஏணி மாறவில்லை. 1973இல் பி.எஸ்.ஏ. வீழ்ச்சியுற, பிரித்தானிய வண்டிகளின் இடத்தை யப்பானிய வண்டிகள் பிடித்தன. 1977இன் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபோது அவை பெருகின. 1992இல் தோட்ட முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் இந்திய வண்டிகள் தவணைப் பணத்தில் கிடைக்கலாயின. லயத்து வாசலில் தொழிலாளியின் மகனுக்குரிய மோட்டார்ச் சைக்கிள் நிற்கும் காட்சி அப்போதுதான் வழமையாயிற்று. ஒருகாலத்தில் மேற்பார்வையின் அடையாளமாயிருந்தது, இன்று பிள்ளையைப் பாடசாலைக்கும் நோயாளியை வைத்தியசாலைக்கும் கொண்டு செல்கின்றது. இம்மாற்றம் சிறிதன்று.

எனினும் இவ்வுடைமை எத்துணை உறுதியற்றது என்பதை 2022ஆம் ஆண்டு உணர்த்தியது. அவ்வாண்டு யூன் இறுதியில் பெற்றோல் லீற்றர் ஒன்றின் விலை 470 ரூபாவாகியது. முந்திய ஆண்டில் நீண்ட போராட்டத்தின் பின் நிர்ணயமான நாட்சம்பளம் 1,000 ரூபா. ஒரு நாள் முழுதும் கொழுந்து பறித்தவரின் கூலி இரண்டு லீற்றருக்குச் சற்று மேலாகவே போதியதாயிற்று. அதன்பின் வந்த பங்கீட்டு முறையில் மோட்டார்ச் சைக்கிளுக்குத் தொடக்கத்தில் கிடைத்தது வாரத்துக்கு 4 லீற்றர். வண்டி வாசலில் நின்றது; தவணைப் பணம் மட்டும் நிற்காது ஓடியது. நெருக்கடி தணிந்தபின் உல்லாசப் பயணிகள் வாடகை மோட்டார்ச் சைக்கிள்களில் இறம்பொடை வளைவுகளில் மீண்டும் ஏறத்தொடங்கினர். பச்சைப் போர்வையெனத் தேயிலை மலையைப் படமெடுப்போர், தாம் நிற்கும் பாதை எவர் வெட்டியது என்று வினவுவதில்லை.

பாதை எவருக்கு உரியது என்னும் முதல் வினாவுக்கே மீள்கின்றோம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாய் அமைந்தது. தோட்டப் பாதை கம்பனிக்குரியது. எனவே குழி விழுந்தால் அதை நிரப்பும் பொறுப்புப் பொதுச்சபைக்கு இல்லை. வாக்களித்துச் சபை உறுப்பினரைத் தெரிவுசெய்த மக்கள், தம் லயத்துக்குச் செல்லும் பாதைக்கு அச்சபையிடம் ஒரு கூடைக் கல்லும் கேட்க இயலாதிருந்தனர். 2018இலேயே அச்சட்டம் திருத்தப்பட்டது. தொழிலாளியின் கையில் வாகனம் வந்தபின்னும் அவ்வாகனம் செல்லும் பாதை பொதுப்பாதையாகப் பல்லாண்டு பிந்தியது. சட்டம் திருந்தியபின்னும் குழிகள் தாமாக நிரம்பிவிடுவதில்லை.

தொகுத்து நோக்கின், மலைநாட்டில் மோட்டார்ச் சைக்கிள் மூன்று நிலைகளைக் கடந்துள்ளது. முதலில் அது கண்காணிப்பின் கருவி. பின்னர் பதவியின் சின்னம். இன்று உழைக்கும் குடும்பத்தின் தேவை. வாகனம் தொழிலாளியை வந்தடைந்தமை வரலாற்றின் ஒருபாதி மட்டுமே. மறுபாதி பாதையையும் நிலத்தையும் வீட்டையும் பற்றியது. குறுக்கு வழியைக் காலால் உண்டாக்கிய மக்களின் பெயரால் வண்டிப் பாதையும் அழைக்கப்படும் நாளிலேயே இவ்வரலாறு நிறைவெய்தும்.