நாடி பார்த்த விரலும் நாளம் கேட்ட ஒலியும்

18ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில், இங்கிலாந்தின் டெடிங்டன் என்னும் ஊரில் சமயப் பணியாற்றிவந்த ஸ்டீபன் ஹேல்ஸ் ஒரு பெண் குதிரையைத் தரையில் கிடத்திக் கட்டினார். அதன் தொடைத் தமனியில் பித்தளைக் குழாய் ஒன்றைச் செருகி, அதனோடு நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்தார். குருதி அக்குழாயில் 8 அடிக்கும் மேலாக ஏறி நின்று, இதயம் துடிக்குந்தோறும் உயர்ந்தும் தாழ்ந்தும் காட்டியது. இரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்தவர் என்று மருத்துவ வரலாறு அவரைப் போற்றுகிறது. 1733இல் அவர் வெளியிட்ட நூலில் இச்சோதனையின் அளவுகள் யாவும் உள்ளன. குதிரை பிழைக்கவில்லை.

நாளங்களின் நிலையை அறிய அன்றைய ஐரோப்பாவுக்குக் கத்தியும் குழாயும் வேண்டியிருந்தன. தமிழகத்துச் சித்த மருத்துவரோ மணிக்கட்டின்மீது மூன்று விரல்களை வைத்து வளி, அழல், ஐயம் என்னும் மூன்றின் நடையைக் கணித்து வந்தார். எவ்வுயிருக்கும் ஊறு விளையாத முறை அது. ஆயினும் அவ்விரல் அறிந்தது அவ்விரலோடே நின்றது. ஒருவர் உணர்ந்த நாடியை மற்றொருவர் சரிபார்க்கவோ, பத்தாண்டு கழித்து ஒப்பிடவோ வழியில்லை. ஹேல்ஸிடம் எண் இருந்தது, கருணை இல்லை. நம்மவரிடம் கருணை இருந்தது, எண் இல்லை. இவ்விரண்டும் ஒரு கருவியில் சேர இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. சேர்த்துவைத்தது ஒலி.

அதன் தொடக்கம் மருத்துவத்தில் நிகழவில்லை. 1842இல் பிராகா நகரில் கிறிஸ்டியன் டாப்ளர் என்னும் ஆஸ்திரிய அறிஞர், இரட்டை விண்மீன்களின் நிறத்தைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். அலையை எழுப்பும் பொருள் நம்மை நோக்கி வரும்போது அலையின் அதிர்வெண் கூடும், விலகிச் செல்லும்போது குறையும் என்பது அவருடைய கருத்து. விண்மீன்களின் நிறத்துக்கு அவர் கூறிய விளக்கம் பிழையானது, கோட்பாடு பிழையானதன்று. 1845இல் நெதர்லாந்தில் பைஸ் பாலட் என்பவர் இசைக்கலைஞர்களைப் புகைவண்டியில் ஏற்றி ஊதுகுழல் வாசிக்கச் செய்து, பாதையோரம் நின்ற இசைவாணர்களைக் கொண்டு சுருதியின் மாற்றத்தைக் கேட்டு உறுதிசெய்தார். ஊதிக்கொண்டே நம்மைக் கடந்து செல்லும் இரயிலின் சுருதி தணிவதை இன்று சிறு பிள்ளையும் அறியும்.

மற்றொரு பாதி பிரான்சில் கிடைத்தது. 1880இல் கியூரி சகோதரர்களான ஜாக்கும் பியேரும், சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னேற்றம் தோன்றுவதைக் கண்டனர். மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் அதிரும் என்பதும் விரைவில் தெரிந்தது. மனிதச் செவி விநாடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். படிகமோ இலட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் அதிரக்கூடியது. முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேட இவ்வொலியைப் பயன்படுத்தினர். போருக்குப் பிறந்த கருவிகளுள் பிற்காலத்தில் மனிதருக்கு இவ்வளவு நன்மை செய்தவை மிகச் சிலவே.

இவ்விரண்டையும் குருதியோட்டத்தின்மேல் முதலில் செலுத்தியவர் ஜப்பானின் ஒசாகாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷிகியோ சட்டோமுரா என்னும் இயற்பியலாளர். 1950களின் நடுவில் இதயத்தின் அசைவை மீயொலியின் டாப்ளர் விளைவால் அறிந்த அவர், அப்பத்தாண்டு முடிவதற்குள் கை, கால், கழுத்துத் தமனிகளின் ஓட்டத்தையும் தோலின் மேலிருந்தே கேட்டார். ஒலியைத் திருப்பி அனுப்புபவை ஓடிக்கொண்டிருக்கும் சிவப்பணுக்கள் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இங்கு இயற்கை ஓர் உதவி செய்திருக்கிறது. உடலுக்குள் அனுப்பும் ஒலி விநாடிக்கு 50 இலட்சம் அதிர்வு கொண்டது என வைத்துக்கொள்வோம். எவர் காதுக்கும் அது கேளாது. உடலின் மென்திசுக்களில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் செல்கிறது. குருதி விநாடிக்கு அரை மீட்டர் ஓடுகிறது. போன ஒலிக்கும் மீண்ட ஒலிக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 3,000 அதிர்வு வரும். அது நாம் கேட்கக்கூடிய எல்லைக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே அந்த வேறுபாட்டை ஒரு சிறிய ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் போதும். ‘உஷ், உஷ்’ என்று குருதி ஓடுவதைக் காதாலேயே கேட்கலாம்.

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைக் கண்டு வளர்ந்தவர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. வாய்க்கால் அகன்ற இடத்தில் நீர் மெல்லச் செல்லும். மடை குறுகும் இடத்தில் சீறிப் பாயும். கொழுப்புப் படிந்து தமனி குறுகிய இடத்திலும் அவ்வாறே. ஓட்டம் விரையும், சுருதி உயரும். மருத்துவரின் செவி அதைக் கேட்டே அடைப்பைக் கண்டுகொள்ளும். கால் விரல்கள் மரத்துப்போன சர்க்கரை நோயாளியின் பாதத்தில் பேனா போன்ற கருவியை வைத்து நாடி ஓடுகிறதா என்று பார்ப்பது இம்முறையே. கணுக்காலின் அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்து வரும் எண் 0.9க்குக் கீழானால் காலுக்குப் போகும் குழாயில் தடை உண்டென ஐயுறுவர்.

பிற முன்னேற்றங்கள் விரைந்து வந்தன. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பொறியாளர் டொனால்ட் பேக்கரும் அறுவை மருத்துவர் யூஜின் ஸ்ட்ராண்ட்னஸும் அவர்தம் குழுவினரும் 1970களில் படத்தையும் ஓட்டத்தையும் ஒருங்கே காட்டும் கருவியை உருவாக்கினர். 1980களில் ஜப்பானியர் ஓட்டத்துக்கு வண்ணம் தீட்டினர். 1986இல் இத்தாலியரான பவுலோ பிக்னோலி, கழுத்துத் தமனிச் சுவரின் உட்படலமும் நடுப்படலமும் சேர்ந்த தடிப்பை மீயொலிப் படத்திலேயே அளக்கலாம் என்று காட்டினார். 1992இல் டேவிட் செலர்மேஜர் குழுவினர், கையைச் சில நிமிடம் இறுக்கிக் கட்டிப் பின் அவிழ்த்துவிட்டால் நல்ல தமனி விரிந்துகொடுக்கும், நலிந்த தமனி விரியாது என்பதை அளந்து வெளியிட்டனர். நோய் வெளிப்படுவதற்குப் பல ஆண்டு முன்னரே நாளத்தின் நலத்தை அறியலாம் என்ற நம்பிக்கை இதனால் பிறந்தது.

அந்நம்பிக்கையைத் தமிழர் உடலில் சோதித்துப் பார்த்த ஊர் சென்னை. இந்தியாவின் நீரிழிவு மருத்துவத்துக்கு முன்னோடியான பேராசிரியர் மா. விசுவநாதன் 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். அவர் மகன் டாக்டர் வி. மோகன் நிறுவிய ஆய்வு அமைப்பு, 1990களின் பிற்பகுதியில் சென்னையில் இரு குடியிருப்புப் பகுதிகளைத் தேர்ந்து, 20 வயதுக்கு மேற்பட்ட 1,262 பேரை ஆராய்ந்தது. ஒன்று நடுத்தர வருவாயினர் வாழும் பகுதி, மற்றொன்று எளியோர் வாழும் பகுதி. நோயாளிகளை மருத்துவமனையில் காத்திருந்து எண்ணாமல் குடியிருப்புகளுக்கே சென்று எண்ணியது இவ்வாய்வின் சிறப்பு.

இதன் ஒரு பகுதியாகக் கழுத்துத் தமனிச் சுவரின் தடிப்பையும் அளந்தனர். 2000ஆம் ஆண்டில் வெளியான முடிவு: நீரிழிவு உடையோரிடம் சராசரி 0.95 மில்லிமீட்டர், இல்லாதோரிடம் 0.74 மில்லிமீட்டர். வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். காகிதம் இரண்டு மூன்றை அடுக்கிவைத்த கனம் என்று சொல்லலாம். ஆனால் அவ்வளவு கனத்தில்தான் பக்கவாதமும் மாரடைப்பும் பல ஆண்டுகள் ஓசையின்றிக் காத்திருக்கின்றன. கால் தமனி அடைப்போ நூற்றுக்கு 3.2 பேரிடமே காணப்பட்டது. நீரிழிவு உடையோரிடம் 6.3. இதய நாள நோய் நூற்றுக்கு 11 பேரிடம் இருந்தது. கால்களை விட்டுவிட்டு இதயத்தைப் பற்றும் நோயாக இது நம்மிடையே இருப்பது அப்போது பலருக்கும் வியப்பளித்தது. 2002இல் அதே குழுவினர் சுவரின் தடிப்பு, தமனியின் விறைப்பு, கைத் தமனியின் விரிவு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டும் எழுதினர்.

இவ்வளவையும் கூறிய பின் ஒன்றைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. 2013இல் அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் வெளியிட்ட நெறிமுறை, சுவரின் தடிப்பை ஒவ்வொருவருக்கும் வழக்கமாக அளந்து அபாயம் கணிப்பது தேவையில்லை என்றது. தடிப்பைவிடக் கொழுப்புத் திட்டு உண்டா இல்லையா என்பதையே இன்று மருத்துவர் பெரிதாகக் கொள்கின்றனர். ‘முழு உடல் பரிசோதனை’ என்னும் பெயரில் வரும் நீண்ட பட்டியலைக் கண்டு மயங்குவோர் இதை நினைவிற்கொள்வது நன்று. பல ஆயிரம் பேரை ஒப்பிடும் ஆய்வுக்கு உதவும் அளவு, தனியொருவரின் தலையெழுத்தைச் சொல்லிவிடாது. ஆனால் திடீரென ஒரு கை தளர்ந்து, சற்று நேரத்தில் சரியாகிவிட்ட ஒருவருக்குக் கழுத்துத் தமனி ஸ்கேன் உயிர் காக்கும் சோதனை. அத்தகையோரிடம் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்ட அடைப்பு இருப்பின் அறுவை சிகிச்சை பக்கவாதத்தைப் பெரிதும் தடுக்கும் என்பது 1991இலேயே நிறுவப்பட்டது.

இனி, சென்னைக்கு வெகு தொலைவில் உள்ள பொட்டிப்புரத்தை நோக்குவோம். தேனி மாவட்டத்தில் போடி மேற்கு மலையடிவாரத்துச் சிற்றூர் அது. பாறையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டத்துக்கு 2015 சனவரியில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்ததும், அதைத் தொடர்ந்து எழுந்த எதிர்ப்புகளும் அவ்வூரின் பெயரை நாடெங்கும் பரப்பின. கண்ணுக்குப் புலப்படாத துகளைக் காணத் திட்டமிட்ட அந்த மலையடிவாரத்தில், கண்ணுக்குப் புலப்படாத நாளத்தைக் காண விரும்பும் முதியவர் தேனி நகரையும் தாண்டிக் கானாவிலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, மதுரைக்கோ செல்ல வேண்டியிருக்கும். 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டு வாயிலிலேயே அளக்கப்படுகின்றன. ஸ்கேன் கருவி அவ்வாறு வாயிலுக்கு வருவது எளிதன்று.

அதற்குக் காரணம் பணம் மட்டுமன்று. இம்மண்ணின் துயரமான வரலாறும்தான். மதுரை, தேனி வட்டாரங்களில் பெண் சிசுக்கள் கொல்லப்பட்ட கொடுமையைத் தடுக்க, 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் இம்மாவட்டங்களுக்கும் விரிந்தது. பிறந்த பின் நிகழ்ந்ததைப் பிறக்குமுன்னரே நிகழ்த்த ஸ்கேன் கருவி துணைபோயிற்று. உயிரைக் காக்க வந்த ஒலி, கருவிலேயே உயிரைத் தேர்ந்தழிக்கவும் பயன்பட்டது. இதைத் தடுக்கவே 1994இல் சட்டம் இயற்றப்பட்டு 1996இல் நடைமுறைக்கு வந்தது. கருவின் பாலினத்தைக் காட்டவல்ல ஒவ்வொரு கருவியும் பதிவு செய்யப்பட வேண்டும். தூக்கிச் செல்லும் கருவிகளைப் பதிவுபெற்ற இடத்துக்கு வெளியே கொண்டு செல்வதற்கு 2012இல் மேலும் கட்டுப்பாடு வந்தது. நாளங்களைப் பார்க்க வாங்கினாலும் கருவி அதே கருவிதான். இக்கட்டுப்பாட்டினால் சிற்றூர் முதியவர்க்கு ஒரு வசதி தாமதமாவது மெய்யே. அதற்காகச் சட்டத்தைக் குறைகூற மனம் வராது.

இந்த இடத்தில்தான் சென்னை ஐ.ஐ.டி.யின் ஒரு முயற்சி கருதத்தக்கதாகிறது. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையுடன் இணைந்து 2011இல் அங்கு அமைந்த நலவாழ்வுத் தொழில்நுட்பப் புத்தாக்க மையத்தில், மோகனசங்கர் சிவப்பிரகாசம், ஜெயராஜ் ஜோசப் ஆகியோரின் குழுவினர் ‘ஆர்ட்சென்ஸ்’ என்னும் கருவியை உருவாக்கினர். அதில் படமே கிடையாது. கழுத்தின்மேல் வைக்கும் ஒற்றைப் படிகம் ஒலித் துடிப்புகளை அனுப்பும்; தமனியின் முன்சுவரும் பின்சுவரும் எதிரொலிக்கும்; எது தமனிச் சுவர் என்பதைக் கணினியே பிரித்தறியும். துடிப்புக்குத் துடிப்பு அக்குழாய் எவ்வளவு விரிகிறது என்பதையும் கையில் கட்டிய பட்டையின் அழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, நாளம் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று ஓர் எண்ணாகச் சொல்லிவிடும். இளந்தமனி மீள்தன்மையோடு விரியும். முதுமையாலும் நோயாலும் விறைத்த தமனி விரியாது. ஆண்டுக் கணக்கில் வயது 45ஆக இருப்பவரின் நாளம் 60ஐத் தொட்டிருக்கலாம். படம் படிக்கத் தேர்ந்த மருத்துவர் உடனிருக்க வேண்டியதில்லை. படமில்லாக் கருவி கருவையும் காட்டாது.

ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் இக்கருவி சோதிக்கப்பட்டிருக்கிறது. கொழுப்புத் திட்டையோ, காலின் சிரையில் உறைந்த குருதிக் கட்டியையோ இது காட்டாது. அவற்றுக்குப் படமும் வண்ணமும் உடைய பெரிய ஸ்கேன்தான் வேண்டும். யாரை அந்தப் பெரிய ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும் என்று ஊரிலேயே பிரித்தறிவது இதனால் இயலக்கூடிய வேலை. பொட்டிப்புரத்துக் கூலித் தொழிலாளி ஒருவர் ஒரு நாள் ஊதியத்தை இழந்து கானாவிலக்குக்குப் பேருந்து ஏறலாமா வேண்டாமா என்பது அந்த எண்ணைப் பொறுத்தது.